எல்லாரும் தலைமை சொன்னபடிதான் கை தூக்கப் போகிறார்கள் என்றால், சட்டமன்றத்தில் யார் உட்கார்ந்தால் என்ன?

பனையடியான் (இழையைத் தொடங்கியவர்)

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே எங்கள் எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் போய் நின்றுவிட்டேன். கையில் ஒரு மனு, பைபாஸ் கூட்டுரோட்டில் பயணியர் நிழற்குடை வேண்டும் என்று எங்கள் நகர் நலச்சங்கத்தில் 43 பேர் கையெழுத்துப் போட்டது. எனக்கு முன்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் தாம்பாளத்தில் கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர்கள். ஒருவருக்குப் பட்டா மாறுதல், ஒருவருக்கு மகனின் காலேஜ் சீட், ஒரு அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் நின்று ஆறு மாதமாச்சாம். பி.ஏ. லெட்டர்பேடில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார், எல்லாக் கடிதத்துக்கும் கடைசி வரி ஒன்றுதான், "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்".

என் முறை வந்ததும் மனுவைப் பார்த்துவிட்டு "செஞ்சிரலாம் சார்" என்றார். நல்ல மனிதர்தான், போன் அடித்தால் எடுப்பார், சாவு வீட்டுக்குத் தவறாமல் வருவார். அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. போன கூட்டத்தொடரில் ஒரு மசோதா வந்தது, நம் ஊர்க்காரர்கள் அதை எதிர்த்து மறியல்கூடச் செய்தார்கள், நீங்கள் அதற்கு எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "தலைமை சொன்னபடிதான் சார், வேற எப்படி?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியலினத்தவருக்குத் தனித்தொகுதி, எல்லாத் தரப்பும் உள்ளே வரவேண்டும் என்று நாமெல்லாம் இங்கேயே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். உள்ளே போன எல்லாரும் கொறடா (எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவது என்று கட்சி சார்பில் உத்தரவு போடுகிறவர்) சொன்ன பக்கம்தான் நிற்க வேண்டும் என்றால், யார் உள்ளே போனால் என்ன? குதர்க்கமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தறிக்காரன்

வாத்தியாரே, ரோடு போடுகிறவன் எந்தச் சாதியாக இருந்தால் எனக்கென்ன, ஆணாக இருந்தால் என்ன பெண்ணாக இருந்தால் என்ன. தண்ணி வந்தால் சரி. ஆளைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்.

கருப்புக்கோட்டு

பனையடியான் சார், உங்கள் எம்.எல்.ஏ. சொன்னது சோம்பேறித்தனம் இல்லை, சட்டம். அரசியல் சட்டத்தில் 1985-ல் 52-வது திருத்தமாக வந்த பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், அல்லது ஓட்டே போடாமல் இருந்தால்கூட, பதவி போய்விடும். கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தால்தான் தப்பிக்கலாம். 1967-ல் ஹரியானாவில் ஒரு எம்.எல்.ஏ. சில நாட்களுக்குள் கட்சி மாறி, திரும்ப வந்து, மறுபடி மாறி, "ஆயா ராம் கயா ராம்" என்று ஊரே சிரித்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்த நோய்க்குக் கொடுத்த மருந்துதான் இது. மருந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பது என் வாதம். விலைக்குப் போகிறவனைப் பிடிக்கப் போட்ட வலையில், தன் தொகுதிக்காக ஒரே ஒரு தடவை மாற்றி ஓட்டுப் போட நினைப்பவனும் மாட்டிக்கொள்கிறான். 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு, அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் இந்தத் தண்டனையை வையுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்று சொன்னது. 1999-ல் சட்ட ஆணையமும் ஏறக்குறைய அதையே சொன்னது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைத் தொடவில்லை, தொடவும் மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் எம்.எல்.ஏ. அந்த மசோதாவுக்கு "ஓட்டு" போட்டிருக்கவே மாட்டார். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடும். ஆதரிப்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க, முடிந்தது. யார் வாயைத் திறந்தார், யார் திறக்கவில்லை என்று எந்தப் பதிவிலும் இருக்காது. அவருக்குக் கேள்வி புரியாததில் ஆச்சரியமே இல்லை.

ஆண்டிபட்டிக்காரன்

2017-ஐ மறந்துட்டீங்களா எல்லாரும்? பிப்ரவரி மாதம், முதல்வர் யார் என்ற அ.தி.மு.க. சண்டையில் கூவத்தூர் ரிசார்ட்டில் எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்திருக்க, அவர்களுடைய போன் நம்பர் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. நானும் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். அந்த ஒரு வாரம்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாக "இவரு நம்ம ஆளு, நாம சொல்றத கேட்கணும்" என்று டீக்கடையில் எல்லாரும் பேசிக் கேட்டேன். 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு 122-க்கு 11 என்று அரசுக்குச் சாதகமாக முடிந்தது.

அதற்குப் பிறகுதான் கூத்து. அதே வருடம் செப்டம்பர் 18-ல் 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார், எங்கள் தொகுதியும் அதில் ஒன்று. 2018 ஜூனில் ஐகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலில். நடுவில் பத்தொன்பது மாதம் எங்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. இடைத்தேர்தலில் கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும் எதிரெதிர்க் கட்சியில் நின்றார்கள், அது தனிக்கதை.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், தகுதி நீக்கம் சரியா தப்பா என்பதை விடுங்கள். தப்புச் செய்தது எம்.எல்.ஏ. என்றே வைத்துக்கொண்டாலும் வாயடைத்தது தொகுதிக்கு. மனுவை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் எங்கள் தெருக்காரர்கள் பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் போனார்கள், அவர் "உங்க தொகுதி எனக்குக் கிடையாதேப்பா" என்று திருப்பி அனுப்பினார்.

செங்காந்தள்

நான் ஊராட்சியில் ஒரு தடவை வார்டு உறுப்பினராக இருந்தவள். தறிக்காரன் அண்ணா சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். "தண்ணி வந்தால் சரி" என்கிறீர்கள். எத்தனை மணிக்கு வந்தால் சரி?

எங்கள் வார்டில் தண்ணீர் பத்தரை மணிக்கு விடுவார்கள். வருடக்கணக்கில் அப்படித்தான். கூட்டத்தில் யாருமே அதைக் குறையாகச் சொன்னதில்லை, ஏனென்றால் பேசிய யாரும் குடம் தூக்கியதில்லை. பத்தரை மணிக்குத் தண்ணீர் என்றால் நூறுநாள் வேலைக்கோ மில்லுக்கோ போகிற பெண் அன்றைக்குச் சம்பளத்தை விடணும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையை நிறுத்தி வைக்கணும். நான் முதல் கூட்டத்தில் இதைச் சொன்னபோது தலைவருக்கும் கிளார்க்குக்கும் உண்மையாகவே அதிர்ச்சி. கெட்டவர்கள் இல்லை அண்ணா, தெரியாது அவ்வளவுதான். ஆபரேட்டரிடம் சொல்லி ஆறு மணிக்கு மாற்ற ஒரு ரூபாய் செலவாகவில்லை. இதற்குக் கொறடாவும் தடை இல்லை, கட்சியும் தடை இல்லை.

ஆக பனையடியான் சார் கேள்விக்கு என் பதில், ஓட்டுப் போடும்போது எல்லாரும் ஒன்றுதான், சரி. ஆனால் எதை ஓட்டுக்கு விடுவது என்பது அதற்கு முன்னாடியே முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்பதுதான் விஷயம்.

தறிக்காரன்

சரிம்மா, தண்ணி விஷயத்தில் ஒத்துக்கறேன். ஆனால் எங்க ஊர்ல பெண் தலைவர் என்று பேர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வீட்டுக்காரர். போர்டில்கூட அவர் பேர்தான் பெரிசாக இருக்கு. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் போட்டாச்சு. அதில் எத்தனை பேர் தானாகக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

செங்காந்தள்

உண்மைதான், மறுக்கவில்லை. என் வீட்டுக்காரரும் முதல் மூன்று மாதம் கூடவே வந்து உட்கார்ந்தார். நாலாவது மாதம் அவருக்கே சலித்துவிட்டது, தெருவிளக்குக் கணக்கு எத்தனை நேரம்தான் கேட்பார். இன்னும் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர்களைப் பற்றி நீங்கள் கோபப்பட வேண்டியது அந்தப் பெண்ணிடம் இல்லையே.

கருப்புக்கோட்டு

இதில் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். ஒரு தரப்புக்காகப் பேச அந்தத் தரப்பிலேயே பிறந்திருக்க வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. திருநங்கைகள் உரிமை மசோதாவை மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்து 2015 ஏப்ரல் 24-ல் நிறைவேற்ற வைத்தவர் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா. தனிநபர் மசோதா என்பதே சாதாரணமாக நாலு நிமிடப் பேச்சோடு வாபஸ் ஆகிற சமாச்சாரம், நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய கடைசித் தனிநபர் மசோதா 1970-ல். ஒருவர் மனது வைத்தால் இவ்வளவு செய்ய முடிகிறதே.

செங்காந்தள்

அந்தக் கதையின் இரண்டாவது பாதியையும் சொல்லுங்கள் சார். அந்த மசோதா மக்களவையில் நிறைவேறவில்லை. அரசு தானே ஒன்று எழுதிக் கொண்டுவந்தது. 2018-ல் மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில், ஒருவர் திருநங்கையா என்று பார்த்துச் சொல்ல ஒரு தேர்வுக் குழு, அவர்களைப் பிச்சை எடுக்க வைப்பது குற்றம் என்று ஒரு பிரிவு. கடை கடையாகக் காசு கேட்டு வாழ்கிறவர்களுக்கு அந்தப் பிரிவு எப்படிப் போய் விழும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் 2019 சட்டத்தில் அந்த இரண்டும் போனது. அப்போதும் கலெக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது போகவில்லை. நல்ல மனசு இருக்கிறவர் பேசலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுகிற மேஜையில் ஒருத்தர் இருந்திருந்தால் தெருவில் இறங்காமலே முடிந்திருக்கும். திருநங்கை ஷப்னம் மௌசி மத்தியப் பிரதேசத்தில் எம்.எல்.ஏ. ஆனது 2000-ல். நம் ஊரில் 2022-ல் வேலூர் மாநகராட்சியில் கங்கா நாயக் கவுன்சிலர் ஆனார். 2021 தேர்தல் வரை நம் சட்டமன்றத்துக்கு யாரும் போனதில்லை.

ஆண்டிபட்டிக்காரன்

+1 அக்கா

கருப்புக்கோட்டு

வாபஸ். பாதி வாபஸ்.

நீங்கள் சொன்னதும் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வருகிறார். சென்னை மாகாணச் சட்டசபைக்குள் அவர் போனது 1927 வாக்கில், அதுவும் நியமனமாக, தேர்தலில் நின்று இல்லை. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று அவர் பேசியபோது அவையில் பெரிய பெரிய ஆட்கள் கலை, பண்பாடு, கோயில் மரபு என்று எதிர்த்தார்கள். அவருடைய தாயார் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். மற்றவர்களுக்கு விவாதமாக இருந்தது அவருக்கு வீட்டுக்கதை. சட்டம் முழுதாக வர 1947 ஆகிவிட்டது, ஆனால் அந்தப் பேச்சு அவைக்குறிப்பில் ஏறியது அவர் அங்கே இருந்ததால்தான்.

மலைச்சாரல்

ரொம்ப நாளாக இந்தக் குழுவைப் படிக்க மட்டும் செய்கிறவன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 234 தொகுதி. அதில் 44 பட்டியலினத்தவருக்கு, 2 பழங்குடிகளுக்கு. அந்த இரண்டு ஏற்காடு, சேந்தமங்கலம். நான் நீலகிரிக்காரன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இத்தனை பேர் இருக்கிற மாவட்டத்தில் பழங்குடிகளுக்கென்று ஒரு சட்டமன்றத் தொகுதிகூட இல்லை. கூடலூர் தனித்தொகுதிதான், ஆனால் அது பட்டியலினத்தவருக்கு. எண்ணிக்கைக் கணக்குப்படி இது சரியாகவே இருக்கலாம், 2011 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க நாங்கள் எட்டு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு, நூற்றுக்கு ஒன்று. நாலு பக்கமும் சிதறிக் கிடக்கிறவனுக்குத் தொகுதி என்கிற ஏற்பாடே ஒத்துவராது. ஓர் இடத்தில் கூட்டமாக இருந்தால்தான் ஓட்டு, ஓட்டு இருந்தால்தான் எம்.எல்.ஏ. மலைக்கு வருவார். பெரும்பான்மைதானே ஜெயிக்கிறது, ஜெயித்தவர் எல்லாருக்கும் பொது என்று புத்தகத்தில் இருக்கிறது. வன உரிமைப் பட்டா கேட்டு எத்தனை வருடம் அலைகிறோம் என்று சட்டமன்றத்தில் கேட்க, அலைந்த ஆள் ஒருவர் வேண்டும்.

தறிக்காரன்

இது எனக்குப் புதுசு. நீலகிரியில் இருக்கும் என்றே நினைச்சிருந்தேன்.

பனையடியான்

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இத்தனைக்கும் சமூக அறிவியல் பாடம் எடுத்தவன்.

சரி, தனித்தொகுதி பற்றி ஒரு சந்தேகம். தனித்தொகுதியில் நிற்பவர் பட்டியலினத்தவர், ஓட்டுப் போடுவது எல்லாரும். அப்படியானால் அவர் யாரிடம் நல்ல பேர் வாங்கினால் ஜெயிப்பார்? எங்கள் பக்கத்துத் தொகுதி தனித்தொகுதிதான். ஊரில் ஒரு வழக்கு, பிரச்சினை என்றால் அந்த எம்.எல்.ஏ. இரண்டு பக்கமும் பேசாமல் ஊருக்கே வராமல் இருந்துவிடுகிறார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

கருப்புக்கோட்டு

நீங்கள் கேட்டது 1932-ல் எரவாடா சிறையில் கேட்ட கேள்வி. ஆங்கில அரசு கொடுத்த வகுப்புவாரித் தீர்ப்பில் தனி வாக்காளர் தொகுதி இருந்தது, பட்டியலினத்தவருக்குப் பட்டியலினத்தவரே ஓட்டுப் போடுவார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்தார், அம்பேத்கர் இறங்கி வரவேண்டியதாயிற்று, செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம். நம் பக்கத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் கையெழுத்துப் போட்டார்கள். இடங்களின் எண்ணிக்கை 71-லிருந்து 148-ஆக ஏறியது என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது, இப்போது யாரும் பேசுவதில்லை. முதல் சுற்றில் பட்டியலின வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைப் பொறுக்குவார்கள், அந்த நான்கு பேரில் ஒருவரைத்தான் இரண்டாம் சுற்றில் எல்லாரும் தேர்ந்தெடுக்க முடியும். ஜெயிப்பவர் சொந்த சனத்தின் நம்பிக்கையையும் வாங்கியிருக்க வேண்டும், ஊர் நம்பிக்கையையும் வாங்கியிருக்க வேண்டும். குடியரசான பிறகு அரசியல் சட்டத்தில் இடஒதுக்கீடு இருந்தது, முதல் சுற்று போய்விட்டது. உங்கள் பக்கத்துத் தொகுதிக்காரர் ஊருக்கு வராமல் இருப்பதற்கும் அந்த விடுபட்ட முதல் சுற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன்.

சுவாரசியத்துக்கு ஒன்று. 1961 வரை இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன, ஒன்று பொது, ஒன்று தனி. 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடத்தையும் பழங்குடி வேட்பாளர்களே ஜெயித்துவிட்டார்கள். தோற்றவர் வி.வி.கிரி, பின்னால் ஜனாதிபதி ஆனாரே அவரேதான். பொது இடத்தில் பழங்குடி ஜெயிக்கலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார், ஜெயிக்கலாம் என்று தீர்ப்பு. கொஞ்ச நாளில் இரட்டைத் தொகுதியையே ஒழித்துவிட்டார்கள்.

ஆண்டிபட்டிக்காரன்

எங்க பக்கம் மதுரை மாவட்டத்து ஊராட்சிகள் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதை தெரியும்ல. 1996-ல் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு என்று ஒதுக்கியதும் பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தலே நடக்கவில்லை. யாரையாவது நிற்க வைப்பார்கள், ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். 2006-ல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. மேலவளவில் முருகேசனை 1997 ஜூன் 30-ல் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள், செய்த ஒரே குற்றம் ஊராட்சித் தலைவர் ஆனது.

தறிக்காரன் அண்ணே, யார் உட்கார்ந்தால் என்ன என்று நாமதான் கேட்டுட்டு இருக்கோம். உட்காரக் கூடாது என்று நினைக்கிறவனுக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெறும் என்று நல்லாத் தெரியும்.

தறிக்காரன்

தம்பி இதுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வாத்தியார் கேட்ட முதல் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு. 2021-ல் சட்டமன்றத்துக்கு ஜெயித்துப் போன பெண்கள் 12 பேர், 234-ல் 12. நாளைக்கே 78 ஆகட்டும். 78 பேரும் கொறடாவைப் பார்த்துத்தானே வாயைத் திறப்பார்கள்?

செங்காந்தள்

78 என்பது நாளைக்கு இல்லை அண்ணா. 2023-ல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து தொகுதி மறுவரையறை நடந்த பிறகு என்று எழுதியிருக்கிறார்கள். மசோதா முதலில் வந்தது 1996-ல். என் மகள் பிறக்கவே இல்லை அப்போது.

கொறடா விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் அதற்கு மருந்து கொறடாவைக் கட்டிப்போடுவது, பெண்களை வெளியே நிறுத்துவது இல்லை. கருப்புக்கோட்டு சார் சொன்ன கோஸ்வாமி குழு யோசனையும் இந்தப் பெண்கள் இடஒதுக்கீடும் சேர்ந்து வந்தால்தான் இரண்டுக்கும் பலன். ஒன்று மட்டும் வந்தால் இப்போது இருக்கிற மாதிரிதான், படம் எடுத்தால் அழகாக இருக்கும்.

சரி, பனையடியான் சார், உங்கள் மனுவுக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்ட 43 பேரில் பெண்கள் எத்தனை பேர்? பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேர்?

பனையடியான்

எண்ணிப் பார்த்தேன். பெண்கள் மூன்று பேர். பஸ்... சங்கத்தில் எல்லாரிடமும் டூவீலர் இருக்கிறது. என்னிடமும்.

தறிக்காரன்

😂😂 வாத்தியாரே!

மலைச்சாரல்

எம்.எல்.ஏ.வைக் கேள்வி கேட்ட சங்கமா இது?

பனையடியான் (மூன்று நாள் கழித்து)

சிரித்தது போதும். செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு அந்தக் கூட்டுரோட்டில் போய் நின்றேன். பதினொரு பெண்கள், இரண்டு பெரியவர்கள், ஒரு காலேஜ் பையன். ஆறரைக்கு மகளிர் இலவச டவுன் பஸ் வந்தது, நிற்காமல் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து ஐம்பதடி தள்ளிப்போய் நின்றது. எல்லாரும் ஓடினார்கள், மூட்டையோடு ஒரு அம்மாவும் ஓடினார். ஏழு பேர் ஏறினார்கள், அதற்குள் வண்டி எடுத்துவிட்டது.

மிச்சம் நின்றவர்களிடம் மனுவைக் காட்டினேன். மூட்டைக்கார அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நெழல் எதுக்கு சாமி, நாங்க வர்ற நேரத்துல வெயிலா அடிக்குது? பஸ்ஸ நிக்கச் சொல்லு" என்றார். மில்லிலிருந்து ராத்திரி ஷிப்ட் முடிந்து இறங்குகிற ஒரு பெண், "நிழற்குடை கட்டினா ராத்திரி குடிக்க உக்காந்துருவாங்க சார், அப்புறம் நாங்க இறங்கி அந்தப் பக்கம் நடக்கவே முடியாது, ஒரு லைட்டு போடச் சொல்லுங்க" என்றார்.

பழைய மனுவை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். பி.ஏ. சொன்னார், நிழற்குடைக்கு எஸ்டிமேட் போட ஏற்கெனவே அனுப்பியாச்சாம், முன்பக்கம் பேர் எழுத எத்தனை அடி விடலாம் என்பது மட்டும்தான் பாக்கியாம்.

செங்காந்தள்

விடாதீங்க சார். புது மனு எழுதுங்க, முதல் கையெழுத்து அந்த மூட்டைக்கார அம்மாவோடதாக இருக்கட்டும்.

பனையடியான்

கைநாட்டு. வாங்கியாச்சு. நாளைக்குப் போகிறேன்.